வேம்பு வாங்கிய இரண்டாவது பேட்டரி

வீராம்பட்டினத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மீன்கூடையோடு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் கண்டக்டர் வேம்புவின் அன்னக்கூடையைக் காலால் தள்ளிவிட்டு, "நாத்தம் தாங்கல, எறங்கு" என்றான். கூடை படியில் சாய்ந்து சங்கரா மீனெல்லாம் ரோட்டில் சிதறியது. வேம்பு குனிந்து ஒரு மீனைக்கூடப் பொறுக்கவில்லை. நேராகப் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார், அவள் அசையவில்லை. கண்டக்டரே இறங்கிவந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக் கூடையில் போட்ட பிறகுதான் வழிவிட்டாள்.

கோபம் அதோடு அடங்கவில்லை. அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். புருஷன் முத்துவேல், "மீன் விக்கிறவளுக்கு லைசென்ஸ் எதுக்கு?" என்று சிரித்தான். தட்டாஞ்சாவடியில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவன் அவன், சாது. அவன் சிரித்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அந்தக் கோபத்தில் அவள் முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுக் காட்டினாள்.

கொஞ்ச நாளில் ஒரு பழைய ஆம்னி வேன் வந்தது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்துக்கொண்டாள். விடிகிற நேரத்தில் ஊர்ப் பெண்களைக் கூடைகளோடு ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டில் விடுவாள், அங்கே தன் மீனையும் விற்பாள், உச்சிவெயிலுக்கு முன்னால் திரும்பிவிடுவாள். சாப்பிட்டுப் படுத்து எழுந்து, சாயங்காலம் ஒயிட் டவுனில் இரண்டு மூன்று ஓட்டல்களுக்கு வஞ்சிரமும் இறாலும் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஐந்தாறு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. ஊரில் ஆம்பளைகளும் அவளிடம் கொஞ்சம் எட்டி நின்றே பேசுவார்கள்.

இந்த வேன்தான் போன சித்திரையில் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் பழைய பேட்டரி செத்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. நாலு வருஷம் உழைத்திருந்தது. அரியாங்குப்பம் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் கமலக்கண்ணன் பார்த்துவிட்டு, "கடக்காத்துல நிக்கிற வண்டிக்கு நாலு வருஷம்னா பெருசுக்கா. வெயிலே பாதியத் தின்னுடும். புதுசு போட்டுடலாம்" என்றான். போட்டுக்கொடுத்தான். வண்டி சாவியைத் தொட்டதும் சீறிக் கிளம்பியது.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், ஐஸ் பெட்டியில் இறாலை அடுக்கி ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டேஷ்போர்டில் விளக்கு மங்கலாக எரிந்து அணைந்தது.

வேம்புவின் வீடு இருக்கும் சந்தில் வேன் நுழையாது. அதனால் ஆற்றோரம் தென்னந்தோப்பு முனையில் நிழல் பார்த்து நிறுத்துவாள். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவந்து தள்ளினார்கள். ஒருத்தன் தள்ளிக்கொண்டே, "லைட்ட அணைக்காம வந்துட்டியாக்கா?" என்றான். வேம்பு கியரைப் போட்டாள்.

ராத்திரி சாப்பாட்டில் முத்துவேலும் அதையே கேட்டான்.

"லைட்டப் போட்டுட்டு வந்துருப்ப."

"பட்டப்பகல்ல நான் எதுக்குய்யா லைட் போடப்போறேன்?"

"உள்ள லைட்டு. கூடய எறக்கும்போது கதவு ஒழுங்கா சாத்தாம இருந்துருக்கும்."

இருக்குமோ என்று அவளுக்கும் ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. மறுநாளிலிருந்து வேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். உள்விளக்கின் பல்பையே பிடுங்கிப் போட்டாள். நாலைந்து நாள் ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும் அதே சாயங்காலம், அதே "டக்."

அதற்குப் பின் அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். வேம்பு கூடையோடு வருவதைப் பார்த்ததும் வலை பின்னுகிறவர்கள் கேட்காமலே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி எழுந்தார்கள். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. எதிரில் நின்று திட்டினால் திருப்பித் திட்டலாம். உதவி செய்கிறவன் சிரித்தால் என்ன செய்வது?

வண்டியில் வருகிற பெண்களையும் அவள் விடவில்லை. எல்லோரிலும் மூத்தவள் கன்னியம்மாள். கூடையை இறக்க நேரமாகும் அவளுக்கு.

"கதவத் தொறந்து போட்டுட்டு வெத்தல மடிச்சிக்கினு நிக்காத. ஒன்னாலதான் என் பேட்டரி போவுது" என்று ஒரு நாள் மார்க்கெட் வாசலில், நாலு பேர் முன்னால் கத்திவிட்டாள்.

கன்னியம்மாள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். "பேட்டரி போனா போவுட்டும்டி. நீ மருவாதியப் போக்கிக்காத" என்றாள். மறுநாள் அவள் வேனில் வரவில்லை. பஸ்ஸில் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஓட்டல்காரன் ஒருத்தன் போன் பண்ணினான். நாலு மணிக்கு வரவேண்டிய மீன் ஆறு மணிக்கு வந்தால் அவனுக்கு ஆகாதாம். இனிமேல் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்கிறானாம். வேம்பு போனை வைத்துவிட்டு நேராகப் போய்ப் பேட்டரியைக் கழற்றினாள். ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், வேறு வழி? ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கமலக்கண்ணன் ஒர்க் ஷாப்புக்குப் போய், அவனுடைய மேஜைமேல் தொம்மென்று வைத்தாள். மேஜையில் இருந்த டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"டூப்ளிகேட் மாலப் போட்டு என்ன ஏமாத்திட்ட."

"யக்கா, வார்த்தைய அளந்து பேசு. கம்பெனி மாலு அது."

"கம்பெனி மாலு ரெண்டு மாசத்துல சாவுமா?"

"பேட்டரிய நான் குடுத்தேன். வண்டிய ஓட்டுறது யாரு?" என்றான் அவன். ஒர்க் ஷாப்பில் நின்றிருந்த ஆட்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "பொம்பளைங்க ஓட்டுற வண்டி எப்பவும் இப்டித்தான். எதையாச்சும் போட்டுட்டு மறந்துட்டுப் போயிடுவாங்க."

வேம்பு அன்றைக்கு அவனைப் பேசிய பேச்சு, அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும் என்பார்கள். எதிர்க்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இந்த ரோட்டுல இனிமே ஒரு மீன்காரி உன் கடையில வண்டி விட மாட்டா" என்று சொல்லிவிட்டு, பேட்டரியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த வலிக்கும் சேர்த்து அவனையே சபித்தாள்.

பேட்டரியைத் திரும்ப வண்டியில் மாட்டி, மறுநாள் காலை மார்க்கெட் வேலை முடிந்ததும் வேனைத் தட்டாஞ்சாவடிக்கு விட்டாள். அங்கே பேட்டரிக்கென்றே கடை வைத்திருப்பவர் அரிகிருஷ்ணன். வயிறு பெருத்த, சோம்பலான மனிதர். பேசும்போதெல்லாம் மூக்கைச் சொறிவார். வேம்பு வண்டியை நிறுத்திய வேகத்தைப் பார்த்தே ஒரு அடி பின்னால் போனார்.

"டூப்ளிகேட்டா இல்லையான்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் பேட்டரியின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்தார். முனைகளில் உப்புப் பூத்து வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பொறித்திருந்த எண்ணைப் படித்தார்.

"டூப்ளிகேட் இல்லம்மா. ஆனா பழைய மாலு. கம்பெனியில செஞ்சு ஒன்றர வருஷம் ஆயிருக்கு. சார்ஜ் போடாம கடையிலயே தூங்கியிருக்கும். உனக்கு வரும்போதே பாதி உசுருதான்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" வேம்புவுக்கு இத்தனை நாளில் முதல் தடவையாக நெஞ்சு குளிர்ந்தது.

"இரு, இரு. அதுக்காக இப்டி அடிக்கடி படுத்துக்காது." அவர் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். டைனமோ சார்ஜ் ஒழுங்காக ஏற்றியது. இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, எங்காவது ஒயர் வழியாகக் கசிகிறதா என்று பார்த்தார். மீட்டர் முள் அசையவில்லை. "வண்டியில கோளாறு இல்ல. எப்பப்போ படுத்துக்குது?"

"சாயங்காலம்."

"காலையில?"

"காலையில ஒரு நாளும் மக்கர் பண்ணதில்ல."

சொல்லும்போதே வேம்புவுக்கு ஏதோ இடித்தது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி விடியற்காலையில் கிளம்புகிறது. மத்தியானம் நாலைந்து மணி நேரம் நின்ற வண்டி சாகிறது. ஒயரில் கசிந்தால் ராத்திரியில்தானே கூடுதலாகக் கசிய வேண்டும்?

அரிகிருஷ்ணன் மூக்கைச் சொறிந்தார். "மத்தியானத்துல யாராச்சும் உள்ள உக்காந்து பாட்டு கேக்கறாங்களாம்மா?"

"சாவி என் இடுப்புல இருக்கு. எவன் வந்து உக்காருவான்?" என்று அவரிடமும் எரிந்து விழுந்தாள்.

"கோச்சுக்காத. கேட்டேன். புதுசு ஒண்ணு போட்டாலும், ஆள் உக்காந்து கேட்டா அதுவும் போவும்."

"அப்ப இதையே சார்ஜ் ஏத்திக் குடு. முதல்ல ஆளப் புடிக்கிறேன். அப்புறம் புதுசு."

சார்ஜ் ஏறும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் சீட்டு நினைவுக்கு வந்தது. வேம்பு குள்ளம். டிரைவர் சீட்டை முன்னுக்குத் தள்ளி வைத்தால்தான் கிளட்ச் எட்டும். கொஞ்ச நாளாகச் சாயங்காலம் ஏறும்போதெல்லாம் சீட்டு பின்னுக்குப் போயிருந்தது. சீட்டுப் பூட்டு தேய்ந்துவிட்டது, தானாகப் பின்னுக்கு நகர்கிறது என்று நினைத்து, முன்னுக்கு இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். வண்டிக்கு இன்னொரு சாவி உண்டு. அது வீட்டுப் பீரோவில் இருந்தது.

ஆளைப் பற்றி அவள் அதற்குமேல் யோசிக்க விரும்பவில்லை. அட்டைப்பெட்டி கம்பெனி அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். பேட்டரி ஏறியதும் அந்தத் தெரு வழியாகவே வண்டியை விட்டாள். கேட்டில் துருப்பிடித்த சங்கிலி, பூட்டு. சுவரில் 'வாடகைக்கு' என்று ஒரு போர்டு. பக்கத்து டீக்கடைக்காரன், "அது மாசிலயே மூடிட்டாங்களேம்மா. மிஷின எல்லாம் ஓசூருக்கு ஏத்திட்டான்" என்றான்.

மாசியிலேயே. ஒவ்வொரு நாளும் அவள் விடியலில் எழுந்து டிபன்பாக்ஸில் சோறு கட்டிக் கொடுத்தது, அவன் யூனிஃபார்ம் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியது, சாயங்காலம் வந்து "இன்னிக்கு மிஷின் சூடு தாங்கல" என்று விசிறிக்கொண்டது, எல்லாம் மாசிக்குப் பிறகும் நடந்தது.

வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல நடந்து வீட்டுக்குப் போனாள். பீரோவைத் திறந்தாள். சாவி இல்லை. சாப்பிடவில்லை, படுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் தோப்புக்கு வந்தாள்.

வேனின் கண்ணாடிகள் இறங்கியிருந்தன. டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலை டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு முத்துவேல் தூங்கிக்கொண்டிருந்தான். சிகரெட் லைட்டர் துளையில் ஒரு குட்டி ஃபேன் செருகி அவன் முகத்துக்கு நேராகச் சுற்றியது. போனும் சார்ஜில் கிடந்தது. ரேடியோவில் யாரோ விவசாயச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். சாவி முழுசாகத் திருப்பியபடி தொங்கியது. மடியில் அவள் கட்டிக்கொடுத்த டிபன்பாக்ஸ்.

வேம்பு கையை உள்ளே விட்டுச் சாவியைப் பிடுங்கினாள். ஃபேன் நின்றது. வியர்வை கொட்ட அவன் விழித்தான்.

அவள் கத்துவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான், கையைக்கூட முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தான். அவள் மெல்லத்தான் கேட்டாள்.

"எத்தினி நாளா?"

"வேம்பு..."

"எத்தினி நாளாய்யா?"

"கம்பெனி மூடினதுலேருந்து. கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தத்தான் மாசாமாசம் சம்பளம்னு உங்கிட்ட குடுத்தேன். காலையில பொட்டானிக்கல் கார்டன்ல உக்காருவேன். வெயில் ஏறினா அங்க முடியல. நீ படுத்துருக்கற நேரமாச்சேன்னு இங்க வந்துருவேன், வல பின்றவங்க வர்றதுக்குள்ள எழுந்து போயிருவேன். வேற கம்பெனியும் கேட்டுக்கினுதான் இருக்கேன். இந்த வயசுல எவனும் எடுக்கல."

"வேல போனத நான் கேக்கல. பேட்டரி உன்னாலதான் போவுதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் டிபன்பாக்ஸைப் பார்த்தான். "மொதல்ல தெரியாது. ஃபேனு எம்மாம் இழுத்துறப்போவுதுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... தெரியும்."

"தெரிஞ்சுக்கினேதான் லைட்ட அணைச்சியான்னு என்னக் கேட்ட? தெரிஞ்சுக்கினேதான் கதவ சாத்தலன்னு சொன்ன? நான் பைத்தியக்காரி மாதிரி பல்பப் புடுங்கிப் போட்டேன். கன்னியம்மாள நாலு பேரு முன்னாடி வெரட்டினேன். எவனெவன் சிரிச்சான் தெரியுமா? ராத்திரி என் பக்கத்துல உக்காந்து சோத்தத் தின்னுட்டு, பாத்துக்கினே இருந்துருக்க!" இப்போது குரல் உயர்ந்துவிட்டது. வலை பின்ன அப்போதுதான் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ கத்துவன்னுதான் சொல்லல" என்றான் முத்துவேல் மெல்ல.

அந்த ஒரு சொல்தான் அவளை நிஜமாகவே எரித்தது. "நான் கத்தினதாலதான்யா இந்த வண்டி வந்துச்சு. நான் கத்தினதாலதான் நம்ம பொண்ணு அபி இன்னிக்கு காலேஜ் போறா. என் கத்தலுல சோறு தின்னுட்டு, அதையே எனக்குக் காரணம் சொல்றியா?" என்றாள். பிறகு டிபன்பாக்ஸை வாங்கித் திறந்தாள். அன்றைக்கு வைத்த சோற்றில் பாதி அப்படியே இருந்தது. அதைக் காக்காய்க்குக் கொட்டிவிட்டு, "எறங்கு. வீட்டுல வந்து ஃபேன் கீழ படு. ஊருக்கெல்லாம் தெரியட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாம் தெரியும். மகள் அபி இரண்டு பக்கமும் தூது போனாள்.

புதுப் பேட்டரி வாங்க அவள் திரும்ப அரிகிருஷ்ணனிடம்தான் போனாள். பழையதை அவர் சோதித்துவிட்டு, அடியோடு காலியாகிக் காலியாகித் தகடே கெட்டுவிட்டது, இனி தேறாது என்றார். வேம்பு இந்தத் தடவை லேசில் விடவில்லை. இருக்கிறதிலேயே பெரிய பேட்டரியைக் காட்டி, "அதப் போட்டா சாவாதுல்ல?" என்றாள்.

"தட்டுல உக்காராது. உக்கார வெச்சாலும் உன் ஓட்டத்துக்கு அது ரொம்பாது. வீராம்பட்டினம் டு மார்க்கெட்டு, நடுவுல பத்து எடத்துல நிறுத்துற. டைனமோ ஏத்தறதுக்குள்ள நீ அணைச்சுடுவ. வண்டிக்குச் சொன்ன அளவையே போடு. ஞாயித்துக்கெழமை ஒரு தடவ கடலூர் ரோட்டுல நிறுத்தாம ஓட்டிட்டு வா."

அவர் எடுத்துவைத்த முதல் பேட்டரியின் எண்ணை அவளே படித்தாள். ஏழு மாதப் பழசு. "வேற எடு" என்றாள். இரண்டாவதும் வேண்டாமென்றாள். முனைகள் இடம் மாறி இருந்தன, ஒயர் எட்டாது. மூன்றாவது போன மாதம் செய்தது. கெட்டுப்போனால் எத்தனை மாதம் வரைக்கும் சும்மா மாற்றித் தருவான், எத்தனை மாதத்துக்குப் பிறகு பாதி விலை கேட்பான் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வைத்தாள். அரிகிருஷ்ணன் பெருமூச்சு விட்டபடி மாட்டிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் கமலக்கண்ணன் ஒர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்தினாள். அவன் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்தான்.

"டூப்ளிகேட்டுன்னு சொன்னது தப்பு" என்றாள் வேம்பு, இன்ஜினை அணைக்காமல். "வண்டியில உக்காந்து காலி பண்ணது என் வூட்டு ஆளு. அது உன் மேல இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. "நாந்தான் சொன்னேனேக்கா..."

"நீ சொன்னது பொம்பள மறந்துட்டான்னு. மறந்தது பொம்பள இல்ல. அப்புறம், ஒன்றர வருஷத்து மால என் தலையில கட்டினியே, அதுக்கு, மீன்காரி எவளும் உன் கடைக்கு வரமாட்டான்னு சொன்னது அப்டியேதான் இருக்கு." அவன் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

கன்னியம்மாள் வீட்டுக்கும் போனாள். "நாளைக்கு வண்டியில வா" என்றாள். கன்னியம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே அவளைப் பார்த்தாள். "என் கூடய நீயே தூக்கி ஏத்தினா வரேன்" என்றாள். மறுநாளிலிருந்து வேம்புதான் தூக்கி ஏற்றுகிறாள்.

முத்துவேலுக்கு ஆடி பிறக்கும்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. ஐஸ் பாளம் உடைக்கிற வேலை, கை மரத்துப்போகும். முதல் நாள் விரலெல்லாம் வெடித்து வந்தவனுக்கு வேம்பு தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், தடவிவிடவில்லை. அம்மன் தேரன்று இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கோயிலுக்குப் போனார்கள். ஊர் பார்த்தது, முடிந்துவிட்டது என்று நினைத்தது. ஓட்டல்காரன் திரும்ப வரவில்லை. அவள் வேறொருத்தனைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது அபி கேட்டாள். "அப்பாதான் இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டுச் செய்றாரே. இன்னும் கோவமாம்மா?"

"ஆமா" என்றாள் வேம்பு. அடுத்த இறாலை எடுத்து ஓட்டை உரித்தாள். "அந்தத் தண்ணிய இப்படித் தள்ளு."